பேரை ஒழுங்கா எழுதறவன்தான் ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட்டர்

போன வாரம் நம்ம பேராக் சுங்கை சிப்புட்ல பாசாவுக்கு (மார்க்கெட்டுக்கு) பக்கத்து ஒட்டுக்கடையில தே தாரிக் குடிச்சிக்கிட்டு இருந்தேன், நம்ம பழைய தோட்டத்துக் கிராணியோட (ஆபீஸ் கணக்கரோட) பேரன் வந்து பக்கத்துல உக்காந்தான். எஸ்பிஎம் (அஞ்சாம் படிவப் பரீட்சை) முடிச்சிட்டான். "அங்கிள், நான் ஸ்போர்ட்ஸ் ஜர்னலிஸ்ட் ஆகணும், எந்த காலேஜ்ல சேரலாம்?"னு கேட்டான். எனக்கு சந்தோசம் தாங்கல. 1993-லேருந்து இருபது வருசத்துக்கு மேல இந்த வட்டாரத்து விளையாட்டுச் செய்தியை ஒரு தமிழ் பேப்பருக்கு எழுதி அனுப்பினவன் நான், இத்தனை வருசத்துல ஒரு புள்ள கூட என்கிட்ட வந்து இப்படிக் கேட்டதில்ல.

என்னடா எழுதப் போறேன்னு கேட்டேன். மென்செஸ்டர், லிவர்புல், யாரு எந்த கிளப்புக்கு மாறப்போறாங்க, எவ்வளவு மில்லியன், கடகடன்னு சொல்றான். வெவரமான பையன். சரி, போன சனிக்கிழமை நம்ம டவுன் திடல்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு ஓட்டப்பந்தயம் நடந்துச்சே, பொம்பளப் பிள்ளைங்க 100 மீட்டர்ல யாரு ஜெயிச்சதுன்னு கேட்டேன். தெரியல. அவன் தங்கச்சி படிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளதான் ஜெயிச்சிருக்கு.

நான் அவனைக் குத்தம் சொல்ல இதை எழுதல. அவனுக்கு எப்படித் தெரியும், யாரு எழுதினா? எந்த பேப்பரைப் பிரிச்சாலும் விளையாட்டுப் பக்கத்துல முக்கால்வாசி இங்கிலாந்து பந்துதான், ஏஜென்சியில வர்றதை மொழிபெயர்த்துப் போட்டுடறாங்க. எனக்கும் பந்து பிடிக்கும், சனிக்கிழமை ராத்திரி 10, 11 மணிக்கு மேட்ச் ஆரம்பிச்சா நானும் டிவி முன்னாடிதான் இருப்பேன். ஆனா அதை எழுத உலகம் பூரா ஆயிரம் பேர் இருக்காங்க. நம்ம திடல்ல ஓடின பிள்ளயப் பத்தி எழுத இந்த ஊர்ல ஒருத்தர் இல்லன்னா வேற யாரும் எழுத மாட்டாங்க, அவ்வளவுதான்.

இந்த வேலையில முதல்ல கத்துக்க வேண்டியது பேர் எழுத. நம்ம பேருக்கு முன்னாடி அப்பா பேரோட முதல் எழுத்து நிக்கும். இது மத்தவங்களுக்குப் புரியறதே இல்ல. சுவர்ப்பந்துல (ஸ்குவாஷ்) சிவசங்கரி 2022-ல கார் விபத்துல கழுத்தெலும்பு அடிபட்டு, அடுத்த வருசமே ஹாங்சோ ஆசிய விளையாட்டுல தங்கம் எடுத்த பிள்ள. வெளிநாட்டு ஸ்கோர்போர்டுல பாத்தா சில நேரம் சுப்பிரமணியம்னு போட்டிருக்கும். அது அவங்க அப்பா பேருங்க! 1966-ல பேங்காக்ல 400 மீட்டர்ல தங்கம் எடுத்த எம். ராஜமணியோட எம் மயில்வாகனம். அதே பேங்காக்ல 100, 200, தொடர் ஓட்டம்னு மூணு தங்கம் வாங்கின டாக்டர் எம். ஜெகதீசனோட எம் மாணிக்கவாசகம். அந்த ஒரு எழுத்துல ஒரு குடும்பமே இருக்கு, அதைத் தப்பில்லாம எழுத வேண்டியது நம்ம ஆளுங்கதான்.

நானே அதைத் தப்பா எழுதியிருக்கேன். 1997-ன்னு நெனைக்கிறேன், மாவட்டப் போட்டியில ஒரு தோட்டத்துப் பிள்ள குண்டு எறியறதுல முதலாவதா வந்துச்சு. மழை வேற, ரிசல்ட் எழுதின பேப்பர் நனைஞ்சு மை ஊறிப்போச்சு, வாத்தியார் சொன்னதை அரைகுறையா காதுல வாங்கிக்கிட்டு 'மு' போட வேண்டிய இடத்துல 'சு'ன்னு எழுதி அனுப்பிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பிள்ளயோட அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க. ரப்பர் மரத்துல பால்வெட்டு முடிச்சு நேரா வந்திருக்காங்க, கையில ஒட்டுப்பால் வாடை, அந்தப் பேப்பர் துண்டை நாலா மடிச்சு பிளாஸ்டிக் பையில வச்சிருந்தாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டல. "அவங்கப்பா போயி ரெண்டு வருசம் ஆச்சு தம்பி, பேப்பர்ல பிள்ள பேரோட அவரு எழுத்தும் வரும்னு பாத்தேன்"னு மட்டும் சொன்னாங்க. எனக்கு வாயே வரல. ஒரு வரி திருத்தம் போடுங்கன்னு ஆபீசுக்கு போன் போட்டேன், இதுக்கெல்லாம் இடமில்லன்னுட்டாங்க. அடுத்த வருசம் அந்தப் பிள்ள மறுபடியும் கலந்துக்கிட்டு ரெண்டாவதா வந்துச்சு, அப்ப 'மு'ன்னு சரியா எழுதி, வந்த பேப்பர்ல நாலு வாங்கிக்கிட்டுப் போய் அந்தத் தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) அம்மா கையிலயே கொடுத்துட்டு வந்தேன்.

அன்னிக்கிலேருந்து என் சட்டைப்பையில 555 நோட்டு, அந்தச் சின்னப் பாக்கெட் நோட்டு, இல்லாம திடலுக்குப் போனதில்ல. பிள்ளைங்க கையிலயே பேனாவைக் கொடுத்து, உன் பேரு, அப்பா பேரு, பள்ளிக்கூடம், தமிழ்ல ஒரு தடவை, மலாய்ல ஒரு தடவை எழுதுன்னு சொல்வேன். இப்பவும் வீட்டுல ஒரு மைலோ டின் நிறைய அந்த நோட்டுங்க இருக்கு. கோணல் மாணலா, பென்சில்ல, சேறு அப்பின விரலோட அழுத்தி எழுதின பேருங்க.

ரெண்டாவது, நேரம். பள்ளிக்கூடப் போட்டியில பெரும்பாலும் வாத்தியாருங்க ஸ்டாப்வாட்ச் அமுக்கிதான் நேரம் எடுப்பாங்க. துப்பாக்கிச் சத்தம் கேட்டு விரல் அமுங்கறதுக்குள்ள ஒரு கண நேரம் போயிடும், அதனால கையில எடுத்த நேரம் எப்பவும் கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும். மின்னணு நேரத்தோட ஒப்பிடணும்னா 100, 200 மீட்டருக்கு 0.24 விநாடி சேத்துக்கணும், 400-க்கு 0.14. இது தெரியாம ஒரு பையன் 10.9-ல ஓடிட்டான், தேசிய அளவுக்கு வந்துட்டான்னு எழுதி, வீட்டுல எல்லாரையும் நம்ப வச்சு, பெரிய போட்டிக்குப் போய் 11.2 வந்ததும் அவன் மனசு உடைஞ்சு போறதை நான் கண்ணால பாத்திருக்கேன். புகழ்ந்து எழுதறது சுலபம், ஆனா தப்பான நம்பரை வச்சுப் புகழ்ந்தா கஷ்டப்படறது அந்தப் பிள்ளதான்.

அப்பல்லாம் இன்டர்நெட் ஏது. போன் பூத்துல நாணயம் போட்டு ஸ்கோரைச் சொல்வோம், நீளமா இருந்தா எழுதி புத்தகக் கடையில ஃபேக்ஸ். படம் எடுத்தா ஃபிலிம் ரோலை கவர்ல போட்டு ஒட்டி, மோட்டாரை எடுத்துக்கிட்டு ஈப்போ வரைக்கும் ஓடி, கே.எல். (கோலாலம்பூர்) போற பஸ் டிரைவர் அண்ணன்கிட்ட கெஞ்சிக் கொடுப்பேன், அங்க புடுராயா பஸ் ஸ்டேஷன்ல ஆபீஸ் பையன் வந்து வாங்கிக்குவான். ஒரு செய்திக்கு 5 வெள்ளி (ரிங்கிட்), படத்தோட வந்தா 10 வெள்ளி. பெட்ரோலுக்கே பத்தாது. பகல்ல ஃபேக்டரி ஸ்டோர்ல வேலை பாத்துத்தான் குடும்பத்தை ஓட்டினேன். தம்பி இதையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வரணும். ஆபீஸ்ல உக்காந்து மாசச் சம்பளம் வாங்கற வேலை ரொம்பக் கம்மி, அதுவும் குறைஞ்சுக்கிட்டே வருது. 1924-ல ஆரம்பிச்ச தமிழ் நேசனை 2019-ல மூடிட்டாங்க. மலாய் மெயில் 2018 கடைசியில அச்சடிக்கறதை நிறுத்திட்டாங்க, அதுவும் விளையாட்டுச் செய்திக்குப் பேர் போன பேப்பர்.

பெரிய ஆளுங்க எப்படி வர்றாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. 1998 கே.எல். காமன்வெல்த் விளையாட்டுல ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நெடுநடையில தங்கம் எடுத்தாரு. நாடே எழுந்து நின்னுச்சு. நான் ஓடிப்போய் என் நோட்டுங்களையெல்லாம் பொறட்டிப் பாத்தேன், அவரைப் பத்தி ஒரு வரி இல்ல. நெடுநடைன்னா யாரு பாப்பான்னு அந்தப் பக்கமே போகாம இருந்தவன் நான். அது இன்னிக்கும் உறுத்துது. நம்ம தேசியக் காற்பந்துக் குழுவோட பயிற்சியாளர் கே. ராஜகோபால் 2010 டிசம்பர்ல புக்கிட் ஜாலில்ல இந்தோனேசியாவை 3-0-ன்னு அடிக்க வச்சு தென்கிழக்காசிய சுசுகி கிண்ணம் வாங்கிக் கொடுத்தப்ப எல்லா பேப்பர்லயும் அவருதான். ஜெயிச்சதுக்கப்புறம் எழுத கூட்டமா வருவாங்க. அதுக்கு முந்தின பத்து வருசத்தை யாரு எழுதறது?

முன்னாடி தோட்டத்துக்குத் தோட்டம் காற்பந்துக் குழு இருந்துச்சு. தீபாவளிக்கு முன்னாடி ஒன்பது பேர் போட்டி, பக்கத்துத் தோட்டத்துலேருந்து லாரியில ஆளுங்க வருவாங்க, தோட்டத்து மேஸ்திரி மண்டோரே ரெஃப்ரி. கித்தா (ரப்பர்) போய் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்துச்சு, சனங்க லயத்தை விட்டு டவுன் பக்கம் வந்துட்டாங்க, நாங்க ஆடின திடல்ல இப்ப செம்பனை கன்னு நிக்குது. அந்தக் குழுங்களோட பேர், யாரு கோல் கீப்பர், எந்த வருசம் கிண்ணம், எல்லாம் ரெண்டு மூணு பெரியவங்க ஞாபகத்துலயும் என் மைலோ டின்னுலயும்தான் இருக்கு. அவங்களும் ஒவ்வொருத்தரா போய்க்கிட்டு இருக்காங்க.

அதனாலதான் தம்பிகிட்ட சொன்னேன், காலேஜ் போ, கட்டாயம் போ, மலாயும் இங்கிலீசும் நல்லாப் படி, விளையாட்டுச் சங்கத்து அறிக்கையெல்லாம் அதுலதான் வரும். ஆனா காலேஜ் திறக்கறதுக்கு இன்னும் மாசக்கணக்குல நாள் இருக்கு. அதுவரைக்கும் சும்மா உக்காந்துக்கிட்டு இருக்காத. உன் போன்லயே படம் எடுக்கலாம், உன் இன்டர்நெட் பக்கத்துலயே எழுதிப் போடலாம், எந்த பஸ் டிரைவரையும் கெஞ்ச வேண்டியதில்ல.

வர்ற சனிக்கிழமை காலைல 7 மணிக்கு திடல்ல இருப்பேன். பன்னெண்டு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குத் தகுதிச் சுற்று. தம்பி வர்றேன்னு சொல்லியிருக்கான். வேற யாரு வீட்டுப் பிள்ளைக்காவது ஆசை இருந்தா அனுப்பி விடுங்க. குடை எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க, நோட்டும் பேனாவும் நான் தர்றேன்.