ப்ளாஸ்டரில் இல்லாத தேதி

எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தோழி கேட்டிருந்தாள்: "நம்ம பக்கத்து நர்சிங் காலேஜ்லயும் ஆனர்ஸ் கொண்டு வந்தா நல்லாத்தானே இருக்கும்?" அவள் இப்போது நர்சிங் கல்லூரியில் டியூட்டர், அதாவது பாடம் நடத்தும் ஆசிரியர். நான் "நல்லதுதான், ஆனா" என்று டைப் செய்வதற்குள் ஆறாம் பெட் அம்மா டிரிப் முடிந்துவிட்டது என்று கூப்பிட்டுவிட்டார். (டூட்டியில் போனா என்று கேட்காதீர்கள், ராத்திரி 2 மணி.) அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் சொல்ல நினைத்ததை இன்றைக்கு ஆஃப் நாளில், கடலூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆனர்ஸ் என்ற சொல்லுக்கே ஊருக்கு ஊர் அர்த்தம் மாறுகிறது. என் ஜூனியர் ஒருத்தி இங்கிலாந்து போன புதிதில், "அக்கா, இங்க எல்லாருமே ஆனர்ஸ் படிச்சவங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அங்கே மூன்று வருஷ சாதாரண நர்சிங் பட்டத்தின் பெயரே பி.எஸ்சி ஆனர்ஸ் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. நம் நாட்டில் டெல்லி எய்ம்ஸிலும், ராஜ்குமாரி அம்ரித் கௌர் கல்லூரியிலும் பி.எஸ்சி ஆனர்ஸ் நர்சிங் இருக்கிறது. அந்தக் கல்லூரி தொடங்கிய 1946-லேயே வேலூர் சிஎம்சியிலும் நர்சிங் பட்டப்படிப்பு வந்துவிட்டது. அது வெறும் பி.எஸ்சி. அதனால் வேலூரில் படித்தவர்கள் ஒரு படி குறைவு என்று எந்த வார்டிலாவது சொல்லிப் பாருங்கள்!

2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த முறைப்படி, பிற பாடங்களில் நான்கு வருஷம் முடித்தால் ஆனர்ஸ். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வாங்கி நான்காம் வருஷம் ஆய்வும் செய்தால் 'ஆனர்ஸ் வித் ரிசர்ச்'. நாங்கள் எந்தக் காலத்திலிருந்தோ நான்கு வருஷம்தான் படிக்கிறோம், நைட் போஸ்டிங்கும் சேர்த்து. எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு, மறைக்கவில்லை.

சரி, பெயரை விடுங்கள். அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் பலவற்றில் ஆனர்ஸ் என்றால் தனி ஏற்பாடு. விருப்பமும் மதிப்பெண்ணும் உள்ள சில மாணவர்களை எடுத்து, ஒவ்வொருவரையும் ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்கிறார்கள். பிள்ளை ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் உழைத்து ஆய்வேடு எழுதி, எல்லார் முன்னாலும் நின்று பதில் சொல்ல வேண்டும். இதுதான் நமக்கு வேண்டும்.

நம்மிடம் ஆய்வே இல்லையா? இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்திய பாடத்திட்டத்தில் ஏழாம் செமஸ்டரில் ரிசர்ச்சும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் பாடம். எட்டாவது முழுக்க இன்டர்ன்ஷிப். ஆனால் அதற்காகச் செய்யும் குழு ப்ராஜெக்ட் எப்படி நடக்கும் என்று நர்சிங் படித்த எல்லாருக்கும் தெரியும். 'தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளியில் இன்னது பற்றிய அறிவை மதிப்பிடுதலும், கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் பயனும்.' முப்பது கேள்வி, அறுபது பேர். முதலில் ஒரு தேர்வு, நடுவில் சார்ட் வைத்து ஒரு வகுப்பு, ஏழாம் நாள் அதே கேள்விகளை வைத்து மறுபடி தேர்வு. மதிப்பெண் ஏறிவிடும். ஏறாமல் என்ன செய்யும், விடையைத்தான் சொல்லிக் கொடுத்துவிட்டோமே! நானும் இப்படி ஒன்று செய்திருக்கிறேன். தலைப்பு இப்போது ஞாபகம்கூட இல்லை.

இந்த வருஷம் எங்கள் வார்டுக்குப் பயிற்சி போஸ்டிங் வந்த ஒரு நர்சிங் மாணவி, பெயர் வேண்டாம், மூன்றாம் நாளே என்னிடம் கேட்டாள்: "சிஸ்டர், வென்ஃப்ளான் போட்ட தேதியை யாருமே ப்ளாஸ்டர்ல எழுதலையே, எப்ப மாத்தணும்னு எப்படித் தெரியும்?" (வென்ஃப்ளான் என்றால் டிரிப் ஏற்றக் கை நரம்பில் சொருகி வைக்கும் சின்னக் குழாய், மேலே ப்ளாஸ்டர் ஒட்டுவோம்.) எனக்குச் சுருக்கென்றது. நானும்தான் எழுதவில்லை. கேஸ் ஷீட்டில் இருக்கும் என்றேன். "பார்த்தேன் சிஸ்டர், பாதிப் பேருக்கு அதுலயும் இல்ல" என்றாள்.

அன்றிலிருந்து பாக்கெட்டில் ஒரு குட்டி டைரி. காலையில் ஒவ்வொரு பெட்டாகப் போய்க் கையைத் தொட்டுப் பார்ப்பாள். சிவப்பு, வீக்கம், வலி என்று மூன்று கட்டம், தேதி இருந்தால் நாலாவது கட்டத்தில் ஒரு டிக். 72 மணி நேரமா, 96-ஆ, இல்லை ஏதாவது தொந்தரவு தெரிந்தால் மட்டும் மாற்றினால் போதுமா என்று உலகம் முழுக்க விவாதித்த விஷயம் அது. மாத்தாத வென்ஃப்ளானோடு வாரக்கணக்கில் படுத்திருக்கும் நோயாளியின் பக்கத்தில் நின்று அவளுக்கு அது தானாகத் தோன்றியிருக்கிறது. இதையே ப்ராஜெக்ட்டாகச் செய்யட்டுமா என்று கல்லூரியில் கேட்டிருக்கிறாள். தலைப்பு ஏற்கெனவே ஒதுக்கியாச்சு என்று பதில். என்ன தலைப்பு என்றேன். பள்ளிப் பிள்ளைகளிடம் ஜங்க் ஃபுட் பற்றிய அறிவு.

டியூட்டரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது கவுன்சில் கணக்கு. அது கையெழுத்துப் பதிவேட்டில் மட்டும் சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. அதனால்தான் தோழியிடம் சொல்கிறேன்: ஆனர்ஸ் கொண்டு வாருங்கள், ஆனால் கல்லூரி ஆசிரியரோடு வார்டு சிஸ்டர் ஒருவரையும் வழிகாட்டியாகப் போடுங்கள். அதற்கான நேரத்தை டூட்டி சார்ட்டிலேயே ஒதுக்குங்கள். மதிப்பெண் கட்-ஆஃப் மட்டும் வைத்து எடுத்தால், புத்தகத்தை ஒப்பிக்கிற பிள்ளை உள்ளே போவாள், டைரி வைத்திருக்கிற பிள்ளை வெளியே நிற்பாள். எங்கள் பெண்ணுக்கு அரியர் ஒன்று இருக்கிறது.

விளக்கேற்றும் விழாவில் நைட்டிங்கேல் பெயரைச் சொல்லித்தான் மெழுகுவர்த்தி பிடிக்கிறோம். அந்தம்மா 1858-ல், கிரிமியப் போரில் காயத்தால் செத்த சிப்பாய்களைவிட நோயால் செத்தவர்கள் பல மடங்கு அதிகம் என்று வட்டப் படம் போட்டுக் காட்டியவர். விளக்கு மட்டும் நமக்கு வந்து சேர்ந்தது, கணக்கு வரவில்லை.

அந்தப் பெண்ணின் போஸ்டிங் முடிந்துவிட்டது. போகும்போது டைரியின் பக்கங்களை எனக்கு போனில் படமெடுத்து அனுப்பினாள். இன்சார்ஜ் சிஸ்டரிடம் காட்டினேன். மறுநாளே தேதி எழுத மார்க்கர் பேனா ஒன்று வாங்கி நர்சஸ் ஸ்டேஷனில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். நூல் இருக்கிறது. பேனா இரண்டு தடவை காணாமல் போய்விட்டது. நாளைக்கு டூட்டிக்குப் போகும்போது மூன்றாவது வாங்க வேண்டும்.