என்னிடமும் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கே என் மகள் எழுந்து, தலைக்குக் குளித்து, மின்விசிறியின் அடியில் கூந்தலை உலர்த்திக்கொண்டு மடிக்கணினியின் முன் உட்கார்ந்துவிட்டாள். சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் நேர்முகத் தேர்வு. நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில், அவளுடைய உள்ளூர் நேரப்படி என்ற குறிப்போடு, காலை 5:00 என்று இருந்தது. சிங்கப்பூரில் அப்போது ஏழரை மணி, காலையிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிற நிறுவனம் போலிருக்கிறது என்று நாங்களாகவே ஒரு விளக்கமும் கண்டுபிடித்து வைத்திருந்தோம். ஐந்து மணி ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று, திரையில் யாரும் வரவில்லை. ஆறு மணிக்கு அவள் கண் கலங்கிய பிறகுதான் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைத் திரும்ப எடுத்துப் படித்தோம். 5:00 என்பதற்குப் பக்கத்தில் வெளிறிய சாம்பல் நிறத்தில் 'யுடிசி' என்று இருந்தது. கிரீன்விச் நேரம் என்று நாம் சொல்கிற உலகப் பொது நேரம் அது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பது. ஆக, தேர்வு காலை பத்தரைக்கு.

தவறு அவளுடையதும் அல்ல, அந்த நிறுவனத்துடையதும் அல்ல. அந்தக் கணினியில், தனியுரிமையைக் காக்கும் என்ற நம்பிக்கையில் நான் நிறுவிக் கொடுத்திருந்த உலாவிதான், இந்தக் கணினி கிரீன்விச் நேரத்தில் இருக்கிறது என்று அந்தப் பக்கத்திடம் சொல்லியிருக்கிறது. திரையின் மூலையில் கணினியின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது என்பதுதான் வேடிக்கை.

அந்த உலாவியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஃபயர்ஃபாக்ஸின் மூல நிரலை எடுத்து, தனியுரிமைக்காக இன்னும் இறுக்கிக் கட்டப்பட்ட உலாவிகள் பல உண்டு. அவற்றுள் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய் வாங்காமல் அதை உருவாக்கித் தருகிறவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் ஏன் நேரத்தை மாற்றிச் சொல்கிறார்கள் என்பதையும் நான் ஏற்கிறேன். 2010-இல், இணைய உரிமைகளுக்காகப் போராடும் அமெரிக்க அமைப்பான மின்னணு எல்லைப்புற அறக்கட்டளையைச் (EFF) சேர்ந்த பீட்டர் எக்கர்ஸ்லி ஏறத்தாழ 4,70,000 உலாவிகளைச் சோதித்துப் பார்த்தபோது, அவற்றில் 83.6 சதவீதம் மற்ற எதனோடும் ஒத்துப்போகாமல் தனித்து அடையாளம் காணக்கூடியவையாக இருந்தன. நம்மை அடையாளம் காணத் தளங்கள் கணினியில் விட்டுவைக்கும் குக்கீ என்ற சிறு குறிப்பே தேவைப்படவில்லை. நேர மண்டலம், திரையின் அளவு, நிறுவியிருக்கும் எழுத்துருக்கள் என்று உலாவி தானாகவே ஒப்பிக்கும் விவரங்களைச் சேர்த்தாலே அது ஒரு கைரேகை ஆகிவிடுகிறது. ஆகவே எல்லோருடைய உலாவியும் ஒரே பதிலைச் சொன்னால் கூட்டத்தில் யார் யார் என்று பிரித்தறிய முடியாது என்பது நல்ல தர்க்கம். இணையதளத்திடம் பொய் சொல்லட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே பொய்யை அந்த இணையதளத்தின் வாயாலேயே என்னிடமும் சொல்லவைத்துவிட்டு, தான் மட்டும் மௌனமாக உட்கார்ந்திருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த உலாவியின் முகப்புப் பக்கத்தில் அது எதையெல்லாம் தடுக்கிறது என்று பெருமையாகப் பட்டியல் இருக்கிறது. அதனால் எனக்கு என்னவெல்லாம் நடக்காமல் போகும் என்பது எங்கும் இல்லை. உதவிப் பக்கங்களில் தேடினேன், கடைசி ஆறு வெளியீடுகளின் குறிப்புகளையும் படித்தேன். 'கைரேகை எதிர்ப்பு இயல்பாகவே செயல்படும்' என்ற ஒற்றை வரிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. மருந்துச் சீட்டில் மருந்தின் பெருமையை மட்டும் அச்சடித்துப் பக்கவிளைவை விட்டுவிட்டது போல.

அந்த ஒற்றை வரிக்குள் என்னவெல்லாம் இருந்தது என்பதை ஒன்றரை ஆண்டாக, ஒவ்வொன்றாக, முட்டி மோதித் தெரிந்துகொண்டேன். எனக்குப் பார்வை மங்கிவருகிறது. நான் தினமும் படிக்கும் தளங்களை 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வைப்பேன். மறுநாள் திறந்தால் பழைய அளவுக்கே சுருங்கியிருக்கும். உலாவி கெட்டுவிட்டது என்று இரண்டு முறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். பெரிதாக்கிய அளவையும் இணையதளத்தால் அளந்துவிட முடியும் என்பதால் தளத்துக்குத் தளம் அதை நினைவில் வைக்காமல் விட்டுவிடுகிறது என்பது பிறகு தெரிந்தது. காரணம் நியாயமானது, ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடியதும்கூட.

இன்னொன்று தமிழ் படிக்கிறவர்களுக்கே உரிய தொல்லை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) வருவதற்கு முன்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட பக்கங்கள் இன்னும் கணிசமாக இருக்கின்றன. ஈழத்து இதழ்களையும் புலம்பெயர்ந்தோர் இதழ்களையும் தேடிப் படிப்பவர்களுக்கு இது தெரியும். கணினியில் பாமினி இருந்தால்தான் அவை தமிழாகத் தெரியும், இல்லையென்றால் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகக் கலந்த குவியல்தான். என் கணினியில் பாமினி இருக்கிறது, எழுத்துச் செயலியில் ஒழுங்காக வருகிறது. உலாவியில் மட்டும் குவியல். நாமாக நிறுவிய எழுத்துருக்களின் தொகுப்பு நம்மைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், இயங்குதளத்தோடு வந்த எழுத்துருக்களை மட்டுமே பக்கங்களின் கண்ணில் படவிடுகிறது இந்த உலாவி. நானோ எழுத்துருக் கோப்புதான் பழுதாகியிருக்கிறது என்று நான்கு இடங்களிலிருந்து பாமினியை இறக்கிப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

இப்படி எழுதினால் விவரமறிந்த நண்பர்கள் உடனே சொல்வது, 'உலாவியின் உள் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் பக்கத்துக்குப் போய் இன்னதை மாற்றினால் சரியாகிவிடும்' என்பதுதான். சரியாகும். எதை மாற்றுவது என்று தெரிந்தவனுக்கு இந்தப் பதிவே தேவையில்லை. தெரியாதவன் அங்கே போய் மொத்தப் பாதுகாப்பையும் ஒரே சொடுக்கில் அணைத்துவிட்டு, அணைத்ததையும் மறந்துவிட்டு, தான் காக்கப்படுவதாக நம்பிக்கொண்டிருப்பான். எனக்குத் தெரிந்த இருவர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

பயனருக்கு அறிவித்தால் அது இணையதளத்துக்கும் தெரிந்துவிடாதா என்றும் கேட்கிறார்கள். தெரியாது. பக்கம் என்பது கீழே உள்ள கட்டம். முகவரிப் பட்டையும் அதைச் சுற்றியுள்ள சட்டமும் உலாவியின் சொந்த இடம், பக்கத்தால் எட்டிப் பார்க்க முடியாத இடம். 'இந்தப் பக்கத்துக்கு உங்கள் நேரம் மாற்றிச் சொல்லப்பட்டுள்ளது' என்று அங்கே ஒரு வரி எழுதலாம்.

சொல்லிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பயனர் யார் என்பதையே மறைக்கும் டோர் உலாவி இவை எல்லாவற்றையும்விடக் கடுமையானது. அதன் பாதுகாப்பு மூன்று படிகளாக வைக்கப்பட்டிருக்கிறது. மேலே போகப்போக இன்னது முடங்கும், சில தளங்கள் சரியாக இயங்காது என்று தேர்வு செய்யும் இடத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் ஆப்பிளின் சஃபாரி உலாவிக்கு அடிப்படையான வெப்கிட் நிரலை உருவாக்கும் குழு, ஒரு தளத்தை ஏழு நாள் உலாவிப் பயன்பாட்டில் தொடாமல் விட்டால், அதன் நிரல்கள் உலாவியில் எழுதிவைத்த தரவு நீக்கப்படும் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. நிரலாளர்கள் கொதித்தார்கள், வாதிட்டார்கள். வாதிட முடிந்ததே அது எழுத்தில் இருந்ததால்தான்.

என்னை இந்தப் பதிவை எழுதவைத்தது நேர்முகத் தேர்வுகூட அல்ல. அது பத்தரைக்கு நடந்தது. கொட்டாவியை அடக்கிக்கொண்டே அவள் பேசி முடித்தாள். அடுத்த வாரம் வேறொரு விண்ணப்பத்துக்குப் புகைப்படம் ஏற்ற வேண்டியிருந்தது. 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்றதால் அந்தத் தளமே படத்தை வெட்டிச் சுருக்கித் தருகிறது. அவள் முகத்தைக் கொடுத்தாள், திரும்பி வந்தது பச்சையும் ஊதாவுமாகச் செங்குத்தான கோடுகள். மூன்று படங்கள் மாற்றிப் பார்த்தோம், மூன்றும் கோடுகளே. பக்கங்கள் உலாவிக்குள்ளேயே படத்தை வரையவும் வெட்டவும் பயன்படுத்தும் கேன்வாஸ் என்ற வசதியில் வரையப்படும் படம் கணினிக்குக் கணினி நுணுக்கமாக மாறுபடும் என்பதால் அதையும் கைரேகையாக எடுக்கலாம் என்று 2012-லேயே ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். அதனால் ஒரு பக்கம் கேன்வாஸிலிருந்து படத்தைத் திரும்ப எடுக்கும்போது உலாவி குப்பைத் தரவைக் கொடுத்துவிடுகிறது. முகவரிப் பட்டையின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு படச்சின்னம் வந்து நின்றிருக்கிறது. அதைச் சொடுக்கி அனுமதி கொடுத்திருந்தால் போதும் என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

ஆனால் விண்ணப்பத்துக்கு அன்று மாலைதான் கடைசி. தெருமுனை பிரவுசிங் சென்டருக்கு ஓடினோம். அங்கிருந்த பையன், புகைப்படம், ஆதார், மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு, சாதாரண குரோமில் நான்கு நிமிடத்தில் முடித்துக் கொடுத்து அறுபது ரூபாய் வாங்கினான். மறுநாள் காலை நான் மட்டும் திரும்பப் போய், அந்தக் கோப்புகளை அழித்துவிடச் சொன்னேன். 'நீங்களே பார்த்து எடுத்துக்கோங்க சார்' என்று நாற்காலியை நகர்த்தினான். டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்தேன். எங்கள் தெருக்காரர்கள் பாதிப் பேருடைய ஆதார் அட்டைகள் அங்கே வரிசையாக இருந்தன. மகளுடையவை ஐந்து கோப்புகள். தேடி எடுத்து அழித்துவிட்டு வந்தேன்.