3060-ஐ 4060 எங்கே முந்துகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது

என்விடியாவின் கிராஃபிக்ஸ் கார்டுகளில் ஆர்.டி.எக்ஸ் 3060 வாங்கலாமா, 4060 வாங்கலாமா என்று ஒருவர் கேட்ட மாத்திரத்தில் யாராவது ஒரு பார் சார்ட்டைக் கொண்டுவந்து போட்டு, "4060 இருபது சதவீதம் வேகம், முடிஞ்சது கதை" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். சார்ட் பொய் சொல்லவில்லை. எந்த மதர்போர்டில், எந்த டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் படம்) செட்டிங்கில் எடுத்தது என்று கேட்கத்தான் ஆளில்லை. கேட்டுப் பார்த்தால் அந்த இருபது சதவீதம் சில இடங்களில் கரைந்துபோகும், சில இடங்களில் தலைகீழாகவே மாறும்.

முதலில் அந்த இருபது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 2021-இல் வந்த 3060-இல் 3584 கூடா கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), பூஸ்ட் எனும் உச்ச வேகம் சுமார் 1.78 கிகாஹெர்ட்ஸ். 2023-இல் வந்த 4060-இல் கோர்கள் 3072-ஆகக் குறைந்துவிட்டன. ஆனால் பூஸ்ட் 2.46 கிகாஹெர்ட்ஸ். கோரையும் வேகத்தையும் வைத்துக் கணக்கிட்டால் 12.7 டெராஃப்ளாப்ஸுக்கு (கணக்குப் போடும் திறனின் அளவு) 15.1. ஏறக்குறைய 19 சதவீதம் கூடுதல். 1080பி ரெசல்யூஷனில் கேம்களில் கிடைப்பதும் கிட்டத்தட்ட அதேதான். இத்தனையும் 170 வாட்டுக்குப் பதில் 115 வாட்டில் நடக்கிறது. கேபினெட் சின்னது, பவர் சப்ளை சுமார் என்றால் இது ஒன்றே போதும், 4060 பக்கம் சாய்ந்துவிடலாம்.

இனி நினைவகம். 3060-இல் 12 ஜிபி, 192 பிட் பஸ் (தரவு போகும் பாதையின் அகலம்), பேண்ட்வித் எனும் தரவு வேகம் நொடிக்கு 360 ஜிபி. 4060-இல் 8 ஜிபி, 128 பிட், நொடிக்கு 272 ஜிபி. பஸ் ஒடுங்கியதை ஈடுகட்ட சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேச் என்ற சிறு வேக நினைவகத்தை 3 எம்பியிலிருந்து 24 எம்பி ஆக்கினார்கள். 1080பியில் தேவையான தரவில் பெரும்பகுதி கேச்சிலேயே கிடைத்துவிடுவதால் குறை தெரியாது. 1440பி, 4கே என்று ஏற ஏற கேச்சில் கிடைப்பது குறையும், இடைவெளியும் சுருங்கும். கேச்சால் ஈடுகட்ட முடியாத ஒன்று கொள்ளளவு. 9 ஜிபி டெக்ஸ்சரை 8 ஜிபிக்குள் எந்தக் கேச்சும் திணிக்காது.

வி-ரேம், அதாவது கார்டின் இந்த நினைவகம், நிரம்பினால் கேம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பது அபூர்வம். மிச்சத்தை டிரைவர் சிஸ்டம் ரேமுக்குத் தள்ளிவிடும், பிறகு தேவைப்படும்போதெல்லாம் அது கார்டை மதர்போர்டில் செருகும் பி.சி.ஐ.இ ஸ்லாட் வழியாக வந்து போக வேண்டும். கார்டைக் கண்காணிக்கும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திரையில் ஓடவிட்டுக் கவனியுங்கள்: வி-ரேம் ஏழரை ஜிபிக்கு மேல் ஏறி அங்கேயே ஒட்டிக்கொள்ளும், சிஸ்டம் ரேம் மெல்ல ஏறும், கேமராவைத் திருப்பும்போதெல்லாம் பிரேம் டைம் (ஒரு பிரேமை வரைய ஆகும் நேரம்) கோட்டில் ஊசி ஊசியாக எழும்பும். ஜிபியு யூசேஜ் 99 என்றுதான் காட்டும், ஆனால் வாட் இறங்கிவிடும். யூசேஜ் உச்சத்தில், வாட் பாதாளத்தில் என்றால் கார்டு வேலை செய்யவில்லை, தரவுக்காகக் காத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். சில கேம்கள் இன்னும் தந்திரம்: எஃப்.பி.எஸ்-ஐ (நொடிக்கு வரும் பிரேம்கள்) விடாமல் பிடித்துக்கொண்டு, சுவரையும் முகத்தையும் மங்கலாக்கிவிடும். சார்ட்டில் இது எங்கே தெரியப்போகிறது?

இந்த இடத்தில்தான் மதர்போர்டு உள்ளே வருகிறது. பி.சி.ஐ.இ-இல் தரவு போகும் தடத்துக்கு லேன் என்று பெயர். 3060-க்கு 16 லேன், 4060-க்கு 8 லேன்தான். பி.சி.ஐ.இ 4.0 போர்டில் 8 லேன் என்றால் நொடிக்குச் சுமார் 16 ஜிபி, தாராளம். அதே 4060-ஐ 3.0 போர்டில் செருகினால் 8 ஜிபிக்கும் குறைவு. வி-ரேம் நிரம்பாதவரை இழப்பு சொற்பம். நிரம்பிய நொடியிலிருந்து அது இரட்டைத் தண்டனை. பி450, ஏ520 போர்டுகளும் இன்டெல் 10-ஆம் தலைமுறையும் 3.0-தான். பி550 போர்டு வைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் பிராசஸரையும் பார்த்துக்கொள்ளவும்: ரைசன் 5 5600ஜி-யும் 5500-ம் போர்டு எதுவானாலும் 3.0 மட்டுமே தரும்.

இதைச் சோதிக்க, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறப்பவர்கள், கார்டு சும்மா இருக்கும் நேரத்தில் பி.சி.ஐ.இ "1.1" என்று பார்த்துப் பதறுகிறார்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க லிங்க் தானாக இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டால் உண்மையான வேகம் தெரியும். 4060 "எக்ஸ்8" காட்டுவதும் பழுதல்ல, அதன் பிறவியே அப்படி.

சராசரி எஃப்.பி.எஸ் ஏன் போதாது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு கார்டு 100 பிரேமில் 98-ஐத் தலா 10 மில்லி நொடியில் வரைகிறது, இரண்டை மட்டும் தலா 110-இல். மொத்தம் 1200 மில்லி நொடி, சராசரி 83 எஃப்.பி.எஸ். இன்னொரு கார்டு எல்லாப் பிரேமையும் 12.5-இல் வரைகிறது, சராசரி 80. சார்ட்டில் ஜெயிப்பது முதல் கார்டு. கையில் மவுஸைப் பிடித்து ஆடுபவர் ஒரே நிமிடத்தில் இரண்டாவதைக் கேட்பார். எனவே 1 சதவீத லோ (மிக மெதுவான 1 சதவீதப் பிரேம்களின் எஃப்.பி.எஸ்) இல்லாத ஒப்பீட்டை நான் ஒப்பீடாகவே எடுப்பதில்லை. அதிலும் ஒரு சிக்கல்: சில மென்பொருள் 99-ஆவது பெர்சன்டைல் பிரேமை எடுக்கும், சில மெதுவான 1 சதவீதத்தின் சராசரியை எடுக்கும். ஒன்றில் வந்த எண்ணை இன்னொன்றின் எண்ணோடு வைத்து வாதாடக் கூடாது.

நீங்களே அளப்பதென்றால் கேப்ஃபிரேம்எக்ஸ் என்ற மென்பொருள் போதும். எஃப்.பி.எஸ்-ஐக் கட்டிப்போடும் வி-சிங்க், பிரேம் லிமிட் இரண்டையும் அணையுங்கள். கார்டு சூடாகிக் கிளாக் நிலைபெறப் பத்து நிமிடமாவது ஆடவிடுங்கள். ஒரே வழித்தடத்தில் 60 நொடி ஓட்டம், நான்கு முறை, முதல் ஓட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஷேடர் (ஒளி, நிழல் போன்றவற்றை வரையும் சிறு நிரல்) கம்பைல் ஆவதால் அதில் வரும் இடறல் கார்டின் குற்றமில்லை. யூசேஜ் 95-க்குக் கீழே ஊசலாடினால் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்.பி.எஸ் ஏறவில்லையா, நீங்கள் அளந்துகொண்டிருப்பது பிராசஸரை. ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தாலும் இதே கதைதான். டெக்ஸ்சரை அல்ட்ராவில் ஒரு முறை, மீடியத்தில் ஒரு முறை எடுங்கள். இடம் இருக்கும் கார்டில் இரண்டுக்கும் எஃப்.பி.எஸ் வித்தியாசம் அனேகமாக இருக்காது. டெக்ஸ்சர் தரம் கேட்பது இடத்தைத்தான், கோர் பலத்தை அல்ல. 12 ஜிபியின் முழு லாபமும் அங்கேதான்.

பிரேம் ஜெனரேஷன் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. அசல் பிரேம்களுக்கு இடையில் கார்டே கற்பனைப் பிரேம்களைச் செருகும் வேலை அது. என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ் 3-இன் அந்த வசதி 4060-இல் உண்டு, 3060-இல் இல்லை. ஆனால் இடையில் செருகிய பிரேம் உங்கள் கிளிக்குக்குப் பதில் சொல்லாது, அசல் எஃப்.பி.எஸ் 60-ஐ ஒட்டி இருந்தால்தான் கைக்கு நன்றாக இருக்கும். அதுவும் வி-ரேமில் ஒரு பங்கு கேட்கும் என்பது தனி வேடிக்கை. செருகிய பிரேமையும் சேர்த்த எண்ணை 3060-இன் அசல் எண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்தும் சார்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். வீடியோ ரெக்கார்டிங், ஸ்ட்ரீமிங் செய்பவர்களுக்கு 4060-இன் ஏ.வி.1 (வீடியோவைச் சுருக்கும் முறை) என்கோடர் நிஜமான லாபம், 3060-ஆல் ஏ.வி.1-ஐப் பார்க்க மட்டுமே முடியும்.

வீட்டிலேயே மொழி மாடல் (சாட்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏ.ஐ) ஓட்டுபவர்களுக்குப் பழசுதான் வேகம். ஒவ்வொரு டோக்கனுக்கும் (சொல்லின் துண்டு) மாடல் முழுவதையும் நினைவகத்திலிருந்து படிக்க வேண்டியிருப்பதால் உச்சவரம்பை வைப்பது பேண்ட்வித்: 4.5 ஜிபி மாடல் என்றால் 3060-க்கு அதிகபட்சம் நொடிக்கு 80 டோக்கன், 4060-க்கு 60. 4 பிட்டுக்குச் சுருக்கிய 13 பில்லியன் மாடல் 12 ஜிபியில் கான்டெக்ஸ்ட்டோடு (நினைவில் வைக்கும் உரையாடல்) உட்காரும். 8 ஜிபியில் பிதுங்கும்.

4.0 போர்டு, 1080பி மானிட்டர், கேம் மட்டும் என்றால் 4060. 3.0 போர்டோ, நினைவகத்தைக் கேட்கும் பெரிய பிளெண்டர் (3டி மென்பொருள்) காட்சிகளோ, மொழி மாடலோ இருந்தால் 12 ஜிபி 3060. அந்த "12 ஜிபி"யை அழுத்திச் சொல்லக் காரணம், 2022 கடைசியில் அதே பெயரில் 8 ஜிபி 3060 ஒன்றும் வந்தது. 128 பிட், நொடிக்கு 240 ஜிபி. இரண்டு கார்டின் பலவீனங்களையும் சேர்த்துப் பிசைந்தது போல ஒன்று. பெட்டியின் மேல் எழுதியிருப்பதை விட்டுவிட்டு ஜிபியு-இசட்டில் மெமரி சைஸ் 12288 எம்பி, பஸ் வித் 192 பிட் என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.