ஆமா, இல்லை, ரெண்டும்தான்

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நான்கு நாளாகத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் படிவத்தின் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

"உதவியில்லாமல் சட்டை போட்டுக்கொள்ள முடியுமா?" என்று ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். எந்த நாளில் என்று கேட்க வேண்டாமா? நல்ல நாளில் முடியும். மோசமான நாளில் மூன்று பொத்தானுக்குள் மூச்சு வாங்கும், நான்காவதற்கு யாரையாவது கூப்பிட வேண்டும். "ஆம்" என்று போட்டால் உதவி கிடைக்காது, "இல்லை" என்று போட்டால் பொய் சொன்னது போல உறுத்துகிறது. இத்தனை வருடம் "எனக்கு ஒன்றுமில்லை, சமாளித்துக்கொள்வேன்" என்று சொல்லிப் பழகிய வாய், முடியாததை எல்லாம் பட்டியல் போட வருவேனா என்கிறது.

சரி, மருத்துவச் சான்றாவது சுலபமா? பழைய அறிக்கைகள் செல்லாதாம், புதிதாக வேண்டுமாம். பிறவியிலேயே வந்த குறை போன வருடத்துக்குள் ஓடிப்போயிருக்குமோ என்னவோ!

அப்புறம் கடைசிப் பக்கம். கை நடுங்குகிறது என்றுதான் விண்ணப்பமே போடுகிறேன். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போகக்கூடாதாம். அடித்தல் திருத்தலும் கூடாதாம். இப்போது மூன்றாவது நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.