அந்த அசைன்மென்ட்டை அலட்சியமாக நினைக்காதீர்கள்

"ஃபோக்லோர் படித்து என்ன வேலை கிடைக்கும்?" இங்கே கலிஃபோர்னியாவில் நம்மவர்கள் கூடும் இடங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. ஃபோக்லோர் என்றால் நாட்டார் வழக்காற்றியல், மக்கள் தமக்குள் சொல்லியும் செய்தும் வரும் கதை, நம்பிக்கை, சடங்கு பற்றிய படிப்பு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளை ஒரு செமஸ்டர் அந்த வகுப்பு எடுத்தால், கிரெடிட்டுக்காக எடுத்த லேசான பாடம் என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் செய்த நல்ல காரியங்களை வரிசைப்படுத்தச் சொன்னால், இந்த வகுப்புப் பிள்ளைகள் அசைன்மென்ட்டுக்காக வீடு வீடாக, விடுதி விடுதியாகக் கேட்டு எழுதிச் சேர்த்த வழக்காறுகளை நான் மேலே வைப்பேன்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆலன் டண்டிஸ் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 1963-ல் அங்கே சேர்ந்தவர், 2005-ல் வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்துபோனார். அவருடைய அறிமுக வகுப்பில் சேர்ந்தால் ஆளுக்கு 40 வழக்காறுகள் சேகரித்துக் கொடுக்க வேண்டும். பழமொழி, விடுகதை, கைவைத்தியம், ஜோக், பேய்க்கதை, கழிப்பறைச் சுவரில் கிறுக்கியது, எதுவானாலும் சரி. ஒரே நிபந்தனை, புத்தகத்தைப் பார்த்து எழுதக்கூடாது. ஒரு மனிதர் வாயால் சொல்லக் கேட்டதாக இருக்க வேண்டும். சொன்னவர் எந்த ஊர், என்ன வயது, யாரிடம் கற்றார், எந்த நேரத்தில் சொல்வார், அதைப் பற்றி அவரே என்ன நினைக்கிறார் என்பதெல்லாம் கூடவே வர வேண்டும். இப்படிப் பெர்க்லியின் காப்பகத்தில் சேர்ந்தது இன்று ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் சேகரித்ததை இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். டெட்ராய்ட்டில் வெயின் ஸ்டேட் பல்கலைக்கழகம் இந்த வேலையை 1939-லேயே தொடங்கிவிட்டது. கார் தொழிற்சாலைகளை நம்பி உலகமெங்கிருந்தும் ஆட்கள் வந்து குடியேறிய ஊர் அது.

கிராமத்துக் கிழவர்களிடம் மட்டும்தான் வழக்காறு இருக்கும் என்ற எண்ணத்தை டண்டிஸ் உடைத்தார். ஏதோ ஒன்று பொதுவாக உள்ள எந்தக் கூட்டத்துக்கும், ஆபீஸ்காரர்களுக்கும்கூட, தமக்கென்று வழக்காறு உண்டு என்றார். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், பனி கொட்டும் ஊர்ப் பிள்ளைகள் செய்வது. நாளைக்குப் பனி விழுந்து பள்ளிக்கூடம் லீவு விட வேண்டும் என்றால், இரவு பைஜாமாவை உள்பக்கம் வெளியே தெரியும்படி மாற்றிப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். தலையணைக்கு அடியில் ஒரு கரண்டி. ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளை எடுத்து டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் செய்ய வேண்டும். என் மகளின் அறைத்தோழி நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகரத்துப் பக்கத்துப் பெண். இதைச் சொல்லும்போது அவள் முகம் அப்படியே பத்து வயதுக்குப் போய்விடுகிறது. இதை எந்தத் தாத்தாவும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார். பிள்ளைகளிடமிருந்து பிள்ளைகளுக்கு, வகுப்பறையிலும் பள்ளிப் பேருந்திலும் போய்ச் சேர்வது. நாளிதழ் எழுதாது, அரசாங்கக் கணக்கில் வராது. நூறு வருஷம் கழித்து, 'அந்தக் காலத்துக் குழந்தைகள் எதற்கு ஆசைப்பட்டார்கள்' என்று ஒருவர் தேடினால், ஒரு கல்லூரிப் பெண் தோழியிடம் கேட்டு எழுதிய ஒரு பக்கம்தான் கிடைக்கும்.

சேகரிப்பவர் யார் என்பது முக்கியம் என்பதற்கு ஸோரா நீல் ஹர்ஸ்டனைவிட நல்ல சாட்சி கிடையாது. நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரியில், புகழ்பெற்ற மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸிடம் மானுடவியல் படித்த கறுப்பின எழுத்தாளர். 1927-ல் கதை சேகரிக்க ஃபுளோரிடாவுக்குப் போனார். அங்குள்ள ஈட்டன்வில் அவர் வளர்ந்த ஊர், கறுப்பின மக்களே நடத்திய சிற்றூர். ஆனாலும் அந்த முதல் பயணத்தில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கல்லூரி நடையில் நாகரிகமாகப் போய், நாட்டுப்புறக் கதை ஏதாவது தெரியுமா என்று கேட்டால் யார் சொல்வார்கள்? பக்கத்துக் கவுண்டியில் கேட்டுப்பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இதை அவரே எழுதியிருக்கிறார். பிறகு மறுபடி போனார். மரம் அறுக்கும் தொழிலாளர்களின் முகாமில் போய்த் தங்கினார். அவர் உடுப்பையும் காரையும் பார்த்துச் சந்தேகப்பட்டவர்களிடம், கள்ளச்சாராயம் கடத்திப் போலீஸுக்குப் பயந்து ஒளிந்திருப்பதாகச் சொல்லித்தான் கூட்டத்தில் சேர்ந்தார். அதன்பின் கதையும் பாட்டும் தானாக வந்தன.

ஹர்ஸ்டன் அத்தனை பாடுபட்டுப் பெற்ற நெருக்கம், இன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குப் பிறப்பிலேயே இருக்கிறது. மெக்சிகப் பாட்டி, பேரனின் கண்ணேறு போக முட்டையை அவன் உடம்பெல்லாம் தடவி, உடைத்து ஒரு கிளாஸ் தண்ணீரில் ஊற்றிப் பார்க்கிறாள். பெரிய ஆய்வாளர் வந்து கேட்டால், 'அதெல்லாம் அந்தக் காலம்' என்று கதவைச் சாத்திவிடுவாள். பேத்தி கேட்டால் சொல்கிறாள், செய்தும் காட்டுகிறாள்.

மாணவர் வேலை அரைகுறையாக இருக்கும், கடைசி ராத்திரியில் அறையில் இருப்பவனைக் கேட்டு நிரப்புவார்கள் என்று குறை சொல்வோர் உண்டு. நிரப்பட்டுமே. அறையில் இருப்பவன் சொல்வதும் வழக்காறுதான். பேராசிரியர் பதினைந்து நிமிஷம் தாமதித்தால் எழுந்து போய்விடலாம், அறைத்தோழன் இறந்துபோனால் அந்த செமஸ்டருக்கு எல்லாப் பாடத்திலும் ஏ கிரேடு கொடுப்பார்கள் என்று அமெரிக்கக் கல்லூரிகளில் பல தலைமுறையாக நம்பி வருகிறார்களே, அது அந்த அறைகளில்தானே பிறந்தது? இண்டியானா பல்கலைக்கழகத்தில் வழக்காற்றியல் பேராசிரியர் லிண்டா டேக் 1968-ல் தொடங்கிய ஆய்விதழில், மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட திகில் கதைகள் ஆய்வுப்பொருளாக அச்சேறின. நுனிப்புல் மேய்ந்த வேலையும் இதில் கலந்திருக்கும், மறுக்கவில்லை. யார், எங்கே, எப்போது என்ற குறிப்பு இருந்தால் பின்னால் வருபவர் சலித்து எடுத்துக்கொள்வார்.

என் மகள் போன வருஷம் இந்த வகுப்பு எடுத்தபோது என் மாமியாரிடம் திருஷ்டி கழிப்பதைப் பற்றிக் கேட்டாள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவது, நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம், எல்லாம் சொன்னார். வீட்டுக்குள் போட்டால் ஸ்மோக் அலாரம் அலறும் என்பதால், இங்கே வந்தபின் கொல்லைப்புறத்தில் பார்பெக்யூ கரியில் போடுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். இந்தக் கடைசி விஷயத்தை மகள் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தாள். அவள் எழுதியதிலேயே சிறந்த பகுதி அதுதான். உப்பு மிளகாய் சுற்றுவது தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் எழுதிவைத்தது. பார்பெக்யூ கரிக்கு இடம் மாறியது இந்த ஊர்ச் சங்கதி, எங்கள் தெருவின் சங்கதி. அந்த மெக்சிகப் பாட்டியின் முட்டையோடு சேர்த்து வைத்துப் படிக்க வேண்டியது.

ஆகவே உங்கள் பிள்ளை போன் பண்ணி, "அம்மா, பாட்டி வெள்ளிக்கிழமை ஏன் அப்படிச் செய்வாங்க?" என்று கேட்டால், கூகுளில் பார்த்துக்கோ என்று சொல்லாதீர்கள். ஒழுங்குபடுத்தியும் சொல்லாதீர்கள். சாஸ்திரம் என்ன சொல்கிறது என்பது அவர்களுக்கு வேண்டாம், உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதுதான் வேண்டும். நீங்கள் நம்புவதில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், எழுதிக்கொள்ளட்டும். பெயர் போடலாமா, இணையத்தில் ஏற்றலாமா என்று பிள்ளை கட்டாயம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். அந்தக் காலத்தில் பல்கலைக்கழகத்தின் பீரோவுக்குள் வைக்கத்தான் சம்மதித்தார்கள். இன்று உலகமே படிக்கும். வேண்டாம் என்று தோன்றினால் பெயரை மறைத்துத் தரச் சொல்லுங்கள், சொல்ல வந்ததைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.