ஒன்றரை லட்சத்தை ஆறால் வகுத்தால்…

"ஒரு ஷோவுக்கு ஒன்றரை லட்சம் வாங்குறாங்க, ஆறு பேர், ஆளுக்கு இருபத்தஞ்சாயிரம்." சுயாதீன இசைக்குழுக்களைப் பற்றி வெளியே ஓடும் கணக்கு இதுதான். புதிதாகக் குழுவில் சேருகிற பையன்களும் இதைத்தான் போடுகிறார்கள். சொந்தப் பாட்டு வாசிக்கும் ஒரு பேண்ட் தமிழ்நாட்டில் கச்சேரியை நம்பிப் பிழைக்கலாம் என்பதே என் கட்சி. ஆனால் வண்டி ஒரு முறை கிளம்பினால் எத்தனை மேடை ஏறிவிட்டுத் திரும்புகிறது என்பதில்தான் பிழைப்பு இருக்கிறது.

சென்னைக் குழு ஒன்று கோவையில் கல்லூரி விழாவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 1,50,000. மேடையில் ஆறு பேர், கூட ஒரு சவுண்ட் இன்ஜினியர், ஒரு டிரைவர். டெம்போ ட்ராவலருக்குப் போக வர ஆயிரம் கிலோமீட்டர். டோல், பேட்டா சேர்த்துக் கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்றால் 25,000. நான்கு அறை, ஓர் இரவு, 10,000. எட்டுப் பேர் இரண்டு நாள் சாப்பிட, தலைக்கு நாளுக்கு 600 வீதம் 9,600. இன்ஜினியருக்கு 10,000. ஷோ பிடித்துக் கொடுத்தவருக்கு 15 சதவீதம், அதாவது 22,500. மூன்று ஒத்திகைக்கு ஜாம் ரூம் வாடகை 4,500. செலவு மொத்தம் 81,600, மிச்சம் 68,400. தந்தி, டிரம் ஸ்கின், கேபிள் தேய்மானத்துக்கு 8,400 எடுத்து வைத்தால் ஆளுக்குப் பத்தாயிரம். அதுவும் இரண்டு நாள் பயணம், மூன்று நாள் ஒத்திகைக்கு.

அதே வண்டியை இப்போது திருச்சி, மதுரை, கோவை என்று சுற்றவிடுங்கள். மொத்தத் தூரம் ஏறத்தாழ 1,180 கிலோமீட்டர்தான். நாளுக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் என்ற வாடகைக் கணக்கில் 1,200 கிலோமீட்டர் என்று போட்டாலும் வண்டிச் செலவு 30,000. திருச்சியிலும் மதுரையிலும் பாதிச் சம்பளம், 75,000 வீதம் ஒப்புக்கொண்டதாக இருக்கட்டும். மூன்று இரவு அறை 30,000, நான்கு நாள் சாப்பாடு 19,200, இன்ஜினியர் 30,000, கமிஷன் 45,000, அதே ஒத்திகை 4,500. மூன்று லட்சத்தில் செலவு 1,58,700 போக 1,41,300 நிற்கும். கூடுதலாகப் பயணத்தில் இருந்தது இரண்டே நாள், கூடுதலாகக் கிடைத்தது 72,900. பாதிச் சம்பளம் வாங்கிய இரண்டு நாள், முழுச் சம்பளப் பயணத்தை விடக் கொஞ்சம் அதிகமே தந்திருக்கிறது. அதே மதுரை ஷோவுக்கு 75,000 வாங்கிக்கொண்டு சென்னையிலிருந்து தனியாகப் போய் வந்தால், ஒத்திகைச் செலவும் போக ஆளுக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம் மிஞ்சும்.

அதனால் ஒவ்வொரு குழுவும் இரண்டு விலை வைத்திருக்க வேண்டும்: தனியாக வந்தால் ஒன்று, போகிற வழியில் என்றால் ஒன்று. சனிக்கிழமை ஷோ உறுதியான அன்றே, வழியிலுள்ள ஊர்களுக்கு வியாழன், வெள்ளி கேட்டுப் பேசிவிட வேண்டும். பத்து நாளுக்கு முன் கேட்டால் எந்தக் கல்லூரியிலும் பட்ஜெட் கையெழுத்தாகாது. கல்லூரி விழாக்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரைக்குள் முடிந்துவிடும். கோயில் திருவிழா மேடை வேறு உலகம். அங்கே சினிமாப் பாட்டுத்தான் வேண்டும்.

அந்த உலகத்தைப் பார்த்து நம்மவர்கள் உதட்டைப் பிதுக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. அந்த மேடைகளில் வாசிக்கும் மெல்லிசைக் குழுக்கள் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் உண்டு. அங்கே குழு உரிமையாளர் லாப நஷ்டத்தை ஏற்கிறார், வாசிப்பவருக்கு நாள் சம்பளம். கீபோர்டுக்காரர் இன்று இந்தக் குழு, நாளை அந்தக் குழு என்று மாதம் முழுக்க வாசிப்பார். பேண்டிலோ டிரம்மருக்கு ரெக்கார்டிங் வந்தால் ஆறு பேரின் ஷோவும் போச்சு. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மாற்றாள் ஒருவர் தயாராக இருக்கட்டும். காதில் தாளம் தட்டும் கிளிக் ட்ராக், எந்த இடத்தில் எந்தக் கார்ட் என்று எழுதிய கார்ட் சார்ட் இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்தால் இரண்டு ஒத்திகையில் ஆள் சேர்ந்துவிடலாம்.

பணம் கைக்கு வருவது தனிக் கதை. அட்வான்ஸ் பாதி, மீதி மேடை ஏறும் முன். இதை எழுத்தில் வாங்காத குழு, விழாக் கமிட்டி மாணவர்கள் படிப்பு முடித்துப் போன பிறகும் பாக்கிக்கு அலையும். கம்பெனி ஷோ என்றால் 10 சதவீதம் வருமான வரியை டிடிஎஸ் என்று முன்னரே பிடிப்பார்கள். யார் பெயரில் பில்லோ அவர் கணக்கில்தான் அது ஏறும். ஆறு பேர் பணமும் ஒருவர் வங்கிக் கணக்கு வழியாகப் போனால், கமிஷனும் வண்டி வாடகையும் சேர்ந்து அவருடைய வரவாகத் தெரியும்; ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் எடுத்தாக வேண்டும். பதிவெடுத்த பின், ஷோவுக்கு அழைத்தவர் பணம் தராவிட்டாலும் பில் போட்ட மாதத்துக்கான 18 சதவீதத்தை அடுத்த மாதம் கட்டியாக வேண்டும். ஒரு கூட்டாண்மைப் பத்திரம் எழுதிக் குழுப் பெயரில் பான், வங்கிக் கணக்கு எடுப்பது இந்தத் தலைவலியில் பாதியைக் குறைக்கும். நாட்டுப்புற, செவ்வியல் கலை நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பறையும் டிஸ்டார்ஷன் கிட்டாரும் சேர்ந்த குழு அதில் வருமா என்பதை ஆடிட்டரிடம் விட்டுவிடலாம்.

மேடையில் காசு கரைவது நேரத்தால். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். சவுண்ட் செக் இழுத்தால் தொண்ணூறு நிமிட ஷோ ஐம்பது நிமிடமாகும், அடுத்த வருடம் அழைப்பு வராது. வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸ் ஆறு கேட்டால் மூன்று வரும், அதிலும் ஒன்று இரையும். சொந்தமாக ஒரு சிறிய டிஜிட்டல் மிக்சர், காதில் மாட்டிக் கேட்கும் இன்-இயர், டிஐ கொண்டுபோய், போன ஷோவின் அமைப்பைச் சேமித்து வைத்திருந்தால் அரை மணியில் வேலை முடியும். மிக்சருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம். ஜெனரேட்டர் மாற்றும் ஒரு நொடியில் அது அணைந்தால், மறுபடி எழுந்திருக்கும் வரை மேடையே ஊமை.

ரெக்கார்டிங்? அதை வருமானக் கணக்கில் எழுதவே கூடாது. பதிவு, மிக்சிங், மாஸ்டரிங், ஒரு வீடியோ எல்லாம் சேர்த்துச் செலவாவது ஸ்ட்ரீமிங்கில் திரும்பி வரும் குழுக்கள் அரிது. ஸ்பாட்டிஃபை 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் ஸ்ட்ரீம் எட்டாத பாட்டுக்குக் காசே தருவதில்லை. எட்டினாலும் ஒரு ஸ்ட்ரீமுக்கு இத்தனை பைசா என்று நிலையான விலை கிடையாது. வசூலான தொகையில் பங்குதான், நம் நாட்டுச் சந்தாவோ மலிவு. சினிமாப் பாட்டை மறுபடி பாடி யூடியூபில் ஏற்றினால், உரிமை கோரும் லேபிளுக்கு விளம்பரப் பணம் போய்விடும். அந்த வீடியோவால் கல்யாண ஷோ வரலாம், அது வேறு வரவு.

ஆனால் சொந்தப் பாட்டில் இன்னொரு உரிமை ஒளிந்திருக்கிறது. ஒலிப்பதிவுக்கு ஒன்று, மெட்டுக்கும் வரிக்கும் ஒன்று. பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் அனுப்புவது முதலாவதற்கான பணத்தை மட்டுமே. இரண்டாவது, மெட்டமைத்தவரும் எழுதியவரும், அவர்களுக்காக ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிந்தால்தான் வரும். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு லேபிளோ தயாரிப்பாளரோ அவர்களுடைய அந்த ராயல்டிப் பங்கை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. பாட்டு பதிவான அன்றே யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பேஸ் கிட்டார் லைன் போட்டவருக்கு மெட்டில் பங்குண்டா, குழுவை விட்டு விலகினால் அந்தப் பங்கு என்ன ஆகும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பாட்டு பிரபலமான பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் வக்கீல் வைத்துத்தான் பேச வேண்டியிருக்கும்.