சனிக்கிழமை ஸ்கோரைப் பார்க்காதீர்கள், அந்த ஏழு பேரைப் பாருங்கள்

சனிக்கிழமை, செப்டம்பர் 14, மாலை 5 மணி. புவனேஸ்வர் கலிங்கா மைதானம். ஒடிசாவோடு நம் சென்னையின் எஃப்சிக்கு 2024-25 ஐஎஸ்எல் கால்பந்து சீசனின் முதல் ஆட்டம். ஒரு வாரமாக எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் ஒரே சண்டைதான். முன்னால் வில்மர் ஜோர்டானா, சிமாவா? கிரிவெல்லாரோ இல்லாத நடுக்களத்தை பிராம்பில்லா நிரப்புவாரா? போன வருடமும் இதே மைதானத்தில்தான் தொடங்கினோம், 0-2 என்று தோற்றோம், இந்த முறையும் தோற்றால் சீசன் முடிந்த மாதிரிதான் என்று ஒரு கூட்டம். முதல் ஆட்டத்தை வென்றால் கப்பே நமக்குத்தான் என்று இன்னொரு கூட்டம்.

இரண்டு கூட்டத்துக்கும் நம் அணியின் வரலாற்றையே எடுத்து வைக்கிறேன்.

2015. முதல் ஆட்டம் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில், கொல்கத்தாவுடன். 2-3 தோல்வி. ஹெல்டர் போஸ்டிகா இரண்டு கோல் போட்டுவிட்டுப் போனார். அந்த சீசனில் பாதி தாண்டியும் பட்டியலின் அடியில்தான் கிடந்தோம். டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மூழ்கியதால் செமிஃபைனலின் சொந்த மைதான ஆட்டத்தைக்கூட புனேயில் ஆட வேண்டியிருந்தது. கடைசியில் கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் நடந்த ஃபைனலில், 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னால் போன பிறகு, 3-2 என்று கப்பை எடுத்தோம்.

2017-18. முதல் ஆட்டம் சென்னையில் கோவாவுடன். முதல் பாதியிலேயே 0-3. மூன்றாவது கோலைப் போட்டவர் மந்தார் ராவ் தேசாய், இந்த வருடம் நம் ஜெர்சி போட்டிருக்கும் அதே மந்தார்தான். 2-3 என்று முடிந்தது. நான்கு மாதம் கழித்து பெங்களூரு கண்டீரவாவில் சாம்பியன்.

2019-20. முதல் ஆட்டம் கோவாவில், 0-3. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. நவம்பர் கடைசியில் பயிற்சியாளர் கிரிகோரி விலகினார், ஓவன் காயில் வந்தார், ஃபைனல் வரை போனோம்.

இப்போது மறுபக்கம். 2020-21 முதல் ஆட்டம் ஜாம்ஷெட்பூருடன், முதல் நிமிடத்திலேயே தாப்பா கோல், 2-1 வெற்றி. சீசன் முடிவில் எட்டாவது இடம். 2021-22 முதல் ஆட்டம் ஹைதராபாத்துடன், 1-0 வெற்றி. எட்டாவது இடம். 2022-23 முதல் ஆட்டம் கொல்கத்தாவில் மோகன் பகானை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று அடித்தோம். அன்று இரவு யாரும் தூங்கியிருக்க மாட்டீர்கள். சீசன் முடிவில்? அதே எட்டாவது இடம்.

அதாவது முதல் ஆட்டத்தில் தோற்ற மூன்று சீசன்களில் ஃபைனல், வென்ற மூன்று சீசன்களில் எட்டாவது இடம். அதற்காகத் தோற்பதுதான் ராசி என்று சொல்ல வரவில்லை. 2018-19இலும் முதல் ஆட்டத்தில் தோற்றோம், 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். 2014இல் முதல் ஆட்டத்தை வென்று பட்டியலிலும் முதலிடம் பிடித்து, செமியில் கேரளாவிடம் வெளியேறினோம். முதல் நாள் ஸ்கோர் நமக்கு எதையும் சொன்னதில்லை, அவ்வளவுதான். சனிக்கிழமை மூன்று புள்ளி வேண்டும் என்று நானும் தவிக்கிறேன். ஆனால் இரவு 7 மணிக்கு அந்த ஒரு ஸ்கோரை வைத்துக்கொண்டு நம் பயிற்சியாளர் காயிலைத் தூக்கில் போடவோ தலையில் தூக்கிவைக்கவோ ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம் எதைப் பார்ப்பது?

களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்களுக்கு மேல் இருக்க முடியாது. மீதி ஏழு பேர் இந்தியர்கள். நம் விவாதத்தைக் கவனித்தால் முக்கால்வாசிக்கு மேல் அந்த நான்கு இடத்தைப் பற்றித்தான் இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் யார், பிரேசில்காரர் எப்படி, தடுப்பில் எட்வர்ட்ஸுக்குத் துணை யார். ஏழு பேரைப் பற்றிப் பேச்சே இல்லை. நம் நல்ல சீசன்களையும் கெட்ட சீசன்களையும் தீர்மானித்தது நம் இந்திய வீரர்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெங்களூருவோடு ஆடிய 2018 ஃபைனலையே எடுத்துக்கொள்வோம். ஒன்பதாவது நிமிடத்தில் அவர்களின் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி கண்டீரவாவையே அதிரவைத்தார். அடுத்து நம் கார்னர். கிரிகரி நெல்சன் அடித்த பந்து பெட்டிக்குள் வளைந்து வர, மைல்சன் ஆல்வெஸ் எல்லாருக்கும் மேலே எழும்பினார். 1-1. பாதி நேர விசிலுக்கு முன் மறுபடி நெல்சன் கார்னர், மறுபடி மைல்சன் தலை. 67ஆவது நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது கோலைப் போட்டார். கடைசியில் பெங்களூருவின் மிகு ஒன்று திருப்பியும் 3-2 நமக்கு.

"மூன்று கோலும் பிரேசில்காரர்கள் போட்டதுதானே அண்ணா" என்று போன வாரம் ஒரு தம்பி மடக்கினான். சரிதான். ஆனால் அந்த ஃபைனலுக்கு எப்படிப் போனோம்? நான்கு நாள் முன்பு சென்னையில் கோவாவுடன் செமி இரண்டாவது ஆட்டம். 26ஆவது நிமிடத்தில் நம் ஸ்ட்ரைக்கர் ஜெஜே. மூன்றே நிமிடத்தில் வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் தலையால் ஒன்று. கடைசி நிமிடத்தில் மறுபடி ஜெஜே. 3-0, மூன்றும் இந்தியர்கள் போட்டவை. பின்னால் கோலில் கரண்ஜித், இடது பக்கம் பத்தொன்பது வயது ஜெர்ரி, நடுவில் கணேஷ். அப்போது ஐந்து வெளிநாட்டு வீரர்கள் ஆடலாம், இந்தியர்கள் ஆறு பேர். அன்று அந்த ஆறு பேரும் உயரத்தில் இருந்தார்கள்.

அடுத்த சீசனில் மைல்சனும் அகஸ்டோவும் நெல்சனும் இருந்தார்கள். கணேஷ் முழங்கால் காயத்தில் வெளியே. ஜெஜேயின் கோல் வற்றிவிட்டது. கடைசி இடம். அந்த வருடத்தை நினைத்தால் இன்னும் நெஞ்சு கனக்கிறது. நாம் ஐஎஸ்எல்லில் அடியில் கிடந்த அதே 2018-19இல்தான் இன்னொரு கிளப்பான சென்னை சிட்டி கோயம்புத்தூரில் ஆடி, இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கின் பட்டத்தை வென்றது. அந்த அணியில் இருந்த எட்வின் சிட்னி அடுத்த வருடம் நம்மிடம் வந்தார், காயிலின் நடுக்களத்தில் ஃபைனல் வரை ஓடினார். 2019-20 என்றால் எல்லாரும் வால்ஸ்கிஸின் 15 கோலையும் கிரிவெல்லாரோவின் இடது காலையும்தான் சொல்வார்கள். எனக்கு எட்வின், தாப்பா, சாங்தே மூன்று பேரின் ஓட்டம்தான் கண்ணில் நிற்கிறது. அவர்கள் ஓடியதால்தான் அந்த இருவருக்கும் ஆட இடம் கிடைத்தது.

அந்தச் சாங்தேயையும் தாப்பாவையும் நாம் வைத்துக்கொள்ளவில்லை. சாங்தே மும்பைக்குப் போய் நாட்டின் சிறந்த வீரர் விருது வாங்கினார். தாப்பா மோகன் பகானுக்குப் போனார். இந்த வருடம் ரஹீம் அலி ஒடிசாவுக்கு, ஆகாஷ் சங்வான் கோவாவுக்கு, கீப்பர் தேப்ஜித் ஈஸ்ட் பெங்காலுக்கு. அதாவது சனிக்கிழமை எதிரணியிலேயே ரஹீம் இருக்கிறார். வெளிநாட்டு வீரர் ஒருவர் போனால் அடுத்த சீசனில் இன்னொருவர் வந்துவிடுவார். ஒரு நல்ல இந்திய விங்கர் போனால் அந்த இடம் மூன்று வருடம் ஓட்டையாகக் கிடக்கும். வரிசையாக மூன்று எட்டாவது இடம் வந்ததற்கு எனக்குத் தெரிந்த பெரிய காரணம் இதுதான்.

அதனால்தான் இந்த வருடம் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, அதுவும் ஜோர்டானால் அல்ல. வலது பக்கம் லால்டின்லியானா திரும்பி வந்திருக்கிறார். பின்வரிசைக்கு லால்டின்புயா. கோலில் மும்பை சிட்டியிலிருந்து நவாஸ். இடது பக்கம் மந்தாரின் அனுபவம். கியான் நஸ்ஸிரி 21 வயதில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் கொல்கத்தா டெர்பியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி ஹாட்ரிக் போட்டவர், அந்தத் துணிச்சல் எல்லாருக்கும் வராது. இவர்களோடு ஃபாரூக், இர்ஃபான், வின்சி, ஜிதேஷ்வர் ஏற்கனவே இருக்கிறார்கள். பல வருடம் கழித்து பெஞ்சைத் திரும்பிப் பார்த்தால் இறக்குவதற்கு இந்திய வீரர்கள் இருக்கிறார்கள்.

ஒரு குறை மட்டும் மனதில் முள்ளாக இருக்கிறது. நந்தகுமார் சேகர் சென்னைப் பையன். 2023 டுராண்ட் கோப்பையில் அவர் போட்ட ஒரே கோலில்தான் ஈஸ்ட் பெங்கால் 2019 ஜனவரிக்குப் பிறகு முதல் முறையாக மோகன் பகானை வென்றது. கொல்கத்தா சால்ட் லேக் மைதானம் மொத்தமும் நம் பையன் பெயரைக் கத்தியது. காரைக்குடிப் பக்கத்துக் கண்டனூரிலிருந்து வந்த சிவசக்தி, 2022-23இல் ஐஎஸ்எல்லின் சிறந்த வளரும் வீரர், பெங்களூருக்கு ஆடுகிறார். நம் பரம எதிரிக்கு! இவர்களை நம் கிளப் ஏன் பிடித்துவைக்கவில்லை என்று கேட்டால் பணம், ஒப்பந்தம் என்று ஆயிரம் பதில் வரும். ஒரு மாலை வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்துப் பக்கம் போய் நின்று பாருங்கள். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் பிள்ளைகள் பந்தோடு ஓடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நேரு ஸ்டேடியம் நாலைந்து கிலோமீட்டர்தான். கணேஷுக்குப் பிறகு அந்தத் தூரத்தைக் கடந்து நம் நடுக்களத்தில் நிலைத்து நின்றவர் யார்? ஸ்ட்ரைக்கர் சண்டைக்குச் செலவழிக்கும் நேரத்தில் கால்வாசியை இந்தக் கேள்விக்குச் செலவழித்தால் கிளப்பின் காதிலும் விழும். நம் ரசிகர்கள் கூடும் பி ஸ்டாண்டில் ஒரு பேனராவது இதற்கு வேண்டும்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். பயிற்சியாளர் லோபேராவின் ஒடிசா லேசுப்பட்ட அணி இல்லை. போன முறை நான்காவது இடம், செமிஃபைனல் வரை வந்தவர்கள். ராய் கிருஷ்ணா, டியேகோ மொரிசியோ, பின்னால் மலை மாதிரி மோர்தாதா ஃபால், நடுவில் ஜாஹூ. ஜாஹூவுக்கு நேரம் கொடுத்தால் அங்கிருந்தே ஐம்பது மீட்டர் பாஸ் போட்டு நம் இரண்டு பக்கத்தையும் பிளந்துவிடுவார். அவரை நெருக்கப் போகிறவர் யார் என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. அந்த வேலைக்கு ஷீல்ட்ஸைவிட ஓயாமல் ஓடும் ஆள் நம்மிடம் இல்லை. அதனால் அவர் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால், நடுவிலேயே ஆட வேண்டும், விங்கில் அல்ல.

என் பதினொருவர்: நவாஸ்; லால்டின்லியானா, எட்வர்ட்ஸ், லால்டின்புயா, மந்தார்; எல்சின்ஹோ, ஜிதேஷ்வர்; இர்ஃபான், ஷீல்ட்ஸ், ஃபாரூக்; முன்னால் ஜோர்டான். சிமாவும் பிராம்பில்லாவும் அறுபதாவது நிமிடத்துக்கு மேல் வரட்டும். பிராம்பில்லாவை வெளியே வைப்பதா என்று திட்டுவீர்கள், தெரியும். அவரை இறக்கினால் எல்சின்ஹோவையோ ஷீல்ட்ஸையோ எடுக்க வேண்டும். இந்த ஒடிசாவுக்கு எதிராக, அவர்கள் மைதானத்தில், அதை நான் செய்யமாட்டேன். ஃபாரூக்கை வைக்காதே, வின்சியை வை என்றால் அந்தச் சண்டைக்கு நான் தயார், அது ஏழு பேருக்குள் நடக்கும் சண்டை.

26ஆம் தேதி நம் மைதானத்தில் முதல் ஆட்டம், ஐ-லீக்கிலிருந்து ஏறி வந்த முகமதன் எஸ்சியோடு. புவனேஸ்வரில் என்ன நடந்தாலும் அன்று ஸ்டேடியத்துக்கு வாருங்கள். சென்ட்ரலில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். வீட்டில் பந்து உதைக்கும் பிள்ளை இருந்தால் கட்டாயம் கூட்டி வாருங்கள்.

உங்கள் பதினொருவரைக் கீழே எழுதுங்கள். முதலில் ஏழு பெயர், பிறகு நான்கு.